சேலத்திலிருந்து சான்பிரான்சிஸ்கோ: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் மகள் சான்பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே சன்னிவேலில் இருக்கிறாள். நானும் என் மனைவியும் மூன்று தடவை போய் வந்துவிட்டோம். அதிலிருந்து அஸ்தம்பட்டியில் காலை நடைக்குப் போனால் ஆளாளுக்கு நிறுத்தி இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பிள்ளை அங்கே இருக்கிறவர்கள், பேரப்பிள்ளை பிறக்கப்போகிறவர்கள், முதல் தடவை விமானம் ஏறப்போகிறவர்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன்.

சேலத்துக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் எவ்வளவு தூரம்?

பூமியின் மேல் மிகக் குறுக்கான வழியில் அளந்தால் சுமார் 14,130 கிலோமீட்டர். பூமியில் எந்த இரண்டு ஊரும் சுமார் 20,000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்க முடியாது. அதாவது போகமுடிந்த அதிகபட்சத் தூரத்தில் பத்துக்கு ஏழு பங்கு. பெங்களூரு விமான நிலையத்திலிருந்து அளந்தால் சுமார் 13,990, சென்னையிலிருந்து 13,910. எங்கே ஏறினாலும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதைக் கவனியுங்கள். வித்தியாசமெல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

அமெரிக்கா மேற்கே தானே? விமானமும் மேற்கே தானே போகும்?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சுவரில் மாட்டும் உலகப் படம் செய்த வேலை அது. பேரன் மேஜையில் ஒரு உலக உருண்டை இருந்தது. என் மனைவி பூக்கட்டும் நூலில் ஒரு முழம் எடுத்து ஒரு முனையைச் சேலத்தில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு முனையைச் சான்பிரான்சிஸ்கோவில் வைத்து இழுத்துப் பிடித்தேன். நூல் அரபிக்கடல் பக்கமே போகவில்லை. நேபாளம், சீனா, சைபீரியா என்று மேலே ஏறி, அலாஸ்கா வழியாக அமெரிக்காவின் மேற்குக் கரையில் இறங்கியது. நடுவில் அட்சரேகை 70 டிகிரி வரைக்கும் போகிறது. அது ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சேலத்திலிருந்து கிளம்பும்போது அந்த நேர்வழியின் திசை வடக்கிலிருந்து கிழக்காகச் சுமார் 20 டிகிரி. டவுனில் நின்று ஏற்காடு மலையைப் பார்த்தால் ஏறக்குறைய அதே திசைதான். ஆக, மொட்டை மாடியில் சேர்வராயனைப் பார்த்துக் கையைக் கூப்பினால், கிட்டத்தட்ட மகள் வீட்டைப் பார்த்துத்தான் கூப்புகிறீர்கள்.

அப்படியானால் விமானம் அந்த நூல் போன வழியிலேயே போகுமா?

போகாது. நூல் போகும் வழியில் திபெத் இருக்கிறது. அங்கே தரையே சராசரியாக 4,500 மீட்டருக்கு மேல். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் விமானி உடனே சுமார் 10,000 அடிக்கு, அதாவது 3,000 மீட்டருக்கு இறங்க வேண்டும். தலைக்கு மேலே தொங்கி விழும் ஆக்சிஜன் முகமூடி கால் மணி நேரம் போலத்தான் தாங்கும். திபெத்துக்கு மேலே எங்கே இறங்குவது? மலையே அதற்கு மேல் நிற்கிறதே. அதனால் சுற்றிக்கொண்டு போவார்கள்.

இது போக அரசியல் வேறு. 2022-லிருந்து அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்கள் ரஷ்யாவுக்கு மேலே பறக்க முடியாது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய நிறுவனங்களுக்கு மூடியது. காற்றைப் பார்த்தும் ஒவ்வொரு நாளும் வழியை மாற்றுவார்கள். அதனால்தான் ஒரே எண் கொண்ட விமானம் ஒரு வாரம் ஒரு வழியிலும் மறு வாரம் வேறு வழியிலும் போகும்.

சரி, காற்றில் எத்தனை மணி நேரம்?

பெரிய விமானம் உயரத்துக்குப் போன பிறகு மணிக்கு 900 கிலோமீட்டர் போல ஓடும். 14,000-ஐ அதால் வகுத்தால் பதினைந்தரை வரும். ஏறுவது, இறங்குவது, சுற்றுவது எல்லாம் சேர்த்து இடைநில்லாமல் போனால் 16 மணி நேரம், திரும்பி வரும்போது 17 அல்லது அதற்கு மேலும் ஆகலாம். ஒரு இடத்தில் மாறினால் காற்றில் இருக்கும் நேரம் மட்டும் 20 முதல் 22.

இடைநில்லா விமானம் இருக்கிறதா?

பெங்களூரு – சான்பிரான்சிஸ்கோ தடத்தை ஏர் இந்தியா 2021 ஜனவரியில் தொடங்கியது. முதல் விமானம் அங்கிருந்து இங்கே வந்தது. கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் விமானிகள் எல்லோருமே பெண்கள், வட துருவத்தின் மேலாகப் பறந்து வந்தார்கள். அப்போது செய்தியில் பெரிதாக வந்தது. ஆனால் இவ்வளவு நீளமான தடங்களைத் தொடங்குவதும் நிறுத்துவதும் மறுபடி தொடங்குவதும் வழக்கம். எண்ணெய் விலை, விமானப் பற்றாக்குறை என்று ஏதாவது காரணம் வரும். நீங்கள் போகிற மாதத்தில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் போன வருஷம் போனதை நம்ப வேண்டாம்.

மொத்தத்தில் எத்தனை மணி நேரம் என்று ஒரே வரியில் சொல்லுங்கள்.

இடைநில்லாமல் போனால் 27, ஒரு இடத்தில் மாறினால் 33 முதல் 36.

இது வாசலுக்கு வாசல் கணக்கு, இணையத்தில் இருக்கும் பயண நேரம் இல்லை. நம் வீட்டுக் கேட்டைப் பூட்டுவதிலிருந்து மகள் வீட்டில் செருப்பைக் கழற்றுவது வரை. பெங்களூரு விமான நிலையத்துக்குக் கார் 5 மணி நேரம், அங்கே முன்கூட்டியே போய் நிற்பது மூன்றரை, துபாய்க்கு 4, அங்கே காத்திருப்பு மூன்றரை, அங்கிருந்து 16, இறங்கியபின் குடியேற்றமும் பெட்டியும் ஒன்றரை, வீட்டுக்கு ஒன்று. கூட்டினால் முப்பத்து நாலரை. இதில் நீங்கள் டிக்கெட்டில் பார்ப்பது இருபத்து மூன்றரை மட்டும்தான். மிச்சப் பதினொரு மணி நேரத்தை யாரும் அச்சடித்துத் தருவதில்லை. நம் ஊர்க்காரர்கள் தப்புக் கணக்குப் போடுவது அந்தப் பதினொன்றில்தான். விமானத்தில் ஒரு மணி நேரம் குறைகிறது என்று பத்தாயிரம் கூடக் கொடுப்பார்கள். அப்புறம் நடுராத்திரி தரையில் மூன்று மணி நேரத்தை விட்டுவிடுவார்கள்.

எந்த ஊரில் ஏறுவது நல்லது? பெங்களூரா, சென்னையா?

பெரும்பாலானவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பெங்களூரு என்பார்கள். பெங்களூருக்கு 200 கிலோமீட்டர் என்பது உண்மைதான், ஆனால் அது ஊருக்கு. விமான நிலையம் ஊரைத் தாண்டி வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. ஓசூர் ரோட்டிலிருந்து ஊரைக் குறுக்காக வெட்டிக்கொண்டு இன்னும் முப்பது நாற்பது கிலோமீட்டர் போக வேண்டும். சேலத்திலிருந்து ஓசூர் போகிற நேரத்தில் பாதிக்கு மேல், ஓசூரிலிருந்து விமான நிலையம் போக ஆகும். சாயங்காலம் போய் மாட்டினால் சமமாகக்கூட ஆகிவிடும். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஊரைத் தாண்டுகிற மாதிரி கிளம்புங்கள்.

அதற்கு முன்னால் தொப்பூர் இருக்கிறது. இரண்டாம் பயணத்தின்போது கணக்காகத்தான் கிளம்பினோம். கணவாய் ஏறும்போது முன்னால் சிவப்பு விளக்கு வரிசை. தர்மபுரியிலிருந்து இறங்கி வந்த லாரி ஒன்று பிரேக் பிடிக்காமல் நடுத்திட்டைத் தாண்டி எங்கள் பக்கம் சாய்ந்து கிடந்தது. ரோடு முழுக்க வெங்காயம். டிரைவருக்குக் கையில் அடி, உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். கார் கண்ணாடியை இறக்கினால் வெங்காய நெடி கண்ணைக் கரித்தது. என் மனைவி கைப்பையைத் திறந்து இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பார்த்து உள்ளே வைப்பாள், பத்து நிமிஷம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பாள். கிரேன் வந்து வழிவிட இரண்டரை மணி நேரம். விமான நிலையத்துக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கவுன்டர் மூடப் பத்து நிமிஷம் இருந்தது. வெளிநாட்டு விமானத்துக்குப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்னாலேயே கவுன்டரை மூடிவிடுவார்கள். விமானம் கண்ணெதிரே நிற்கும், ஏற முடியாது.

அன்றிலிருந்து தொப்பூருக்கென்று தனியாக இரண்டு மணி நேரம் வைக்கிறேன். ஒன்றும் ஆகாவிட்டால் விமான நிலையத்தில் உட்கார்ந்து காபி குடிக்கலாம்.

சென்னை என்றால் ஒரு வசதி உண்டு. ஆத்தூர், விருத்தாசலம் வழியாக எழும்பூர் போகும் இரவு ரயிலில் தாம்பரத்தில் இறங்கினால் விமான நிலையம் பக்கம்தான். படுத்துத் தூங்கிக்கொண்டே போகலாம். ஆனால் விடியற்காலை இறங்குவதால் பகல் விமானத்துக்குத்தான் அது பொருந்தும்.

யாரும் யோசிக்காத ஊர் கோயம்புத்தூர். அங்கிருந்து சிங்கப்பூருக்கு விமானம் இருக்கிறது. சங்ககிரி, பவானி, அவிநாசி வழியாக மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். விமான நிலையம் அவிநாசி ரோட்டில் நம் பக்கமாகவே இருப்பதால் ஊருக்குள் நுழையவே வேண்டாம். திருச்சியும் அப்படித்தான், நாமக்கல், முசிறி வழியாக மூன்று மணி நேரம், அங்கேயும் சிங்கப்பூர் விமானம் உண்டு. வானில் இரண்டாயிரம் மூவாயிரம் கிலோமீட்டர் சுற்றுதான். ஆனால் தரையில் இரண்டு மணி நேரம் மிச்சம், மனசில் பாரம் கிடையாது. வயதானவர்கள் தனியாகப் போவதானால் நான் இதைத்தான் சொல்வேன்.

நம் சேலம் விமான நிலையத்திலேயே ஏறி இணைப்பு விமானம் பிடிக்க முடியாதா?

காமலாபுரத்தில் ஏறுவது நல்ல ஆசைதான். 2018 மார்ச்சில் சின்ன ஊர்களுக்கும் விமானம் விடுகிற மத்திய அரசின் உதான் திட்டத்தில் சென்னைக்கு விட்டார்கள், அப்புறம் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. ஏடிஆர் ரகச் சிறிய விமானம். வானில் சென்னை 265 கிலோமீட்டர்தான், பெங்களூரு விமான நிலையம் இன்னும் கிட்டம், 160.

ஆனால் இரண்டையும் ஒரே டிக்கெட்டில் போட முடிந்தால் மட்டும் செய்யுங்கள். தனித்தனியாக வாங்கினால், சின்ன விமானம் மழையிலோ பனிமூட்டத்திலோ தாமதமானதற்குப் பெரிய விமானக்காரர் பொறுப்பாக மாட்டார். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இப்படித்தான் அமெரிக்க டிக்கெட் முழுசாகப் போயிற்று. தனி டிக்கெட்தான் என்றால் முந்தின நாளே போய் லாட்ஜில் தங்கிவிடுங்கள்.

எந்த ஊரில் மாறினால் தூரம் குறைவு?

பெங்களூரிலிருந்து துபாய் வழியாகச் சுமார் 15,700 கிலோமீட்டர். லண்டன் வழியாக 16,660, சிங்கப்பூர் வழியாக 16,750. சென்னையிலிருந்து ஹாங்காங் வழியாகப் போனால் 14,840தான், நூல் போட்ட வழிக்கு மிகக் கிட்டத்தில் இருப்பது அதுதான்.

ஆனால் தூரத்தைப் பார்த்துத் தேர்வு செய்யாதீர்கள். பயணத்தை எங்கே உடைக்கிறார்கள் என்று பாருங்கள். துபாய் வழியில் முதலில் 4 மணி நேரம், பிறகு ஒரே மூச்சில் 16. லண்டன் வழியில் பத்தரை, பதினொன்று என்று ஏறக்குறையப் பாதி பாதி. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு லண்டன் உத்தமம். உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிற புண்ணியவான்களுக்குத் துபாய். காத்திருப்பு மூன்று மணி நேரத்துக்குக் குறையவும் கூடாது, ஆறைத் தாண்டவும் கூடாது. இடையில் இறங்கும் நாட்டுக்கு நமக்கு டிரான்சிட் விசா வேண்டுமா என்று டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. அமெரிக்காவிலேயே வேறொரு ஊரில் இறங்கி மாறுகிற டிக்கெட் மலிவாகக் கிடைக்கும். அதில் முதல் ஊரிலேயே குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைத்து, மறுபடி பாதுகாப்புச் சோதனைக்கு நிற்க வேண்டும். இருபத்து நாலு மணி நேரம் தூங்காத கண்ணோடு அதைச் செய்வது கஷ்டம். வீல்சேர் கேட்டு டிக்கெட்டில் பதிந்துவிட்டால் ஆள் கூடவே வந்து கூட்டிப்போவார், கௌரவம் பார்க்காதீர்கள்.

போகும்போதும் வரும்போதும் நேரம் ஏன் வேறுபடுகிறது?

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். கூடவே போனால் தள்ளிவிடும், எதிர்த்தால் பிடித்து இழுக்கும். சிங்கப்பூர் – சான்பிரான்சிஸ்கோ 13,600 கிலோமீட்டர். பசிபிக்கின் மேல் கிழக்கே போகும்போது சுமார் 15 மணி நேரம், திரும்பி வரும்போது அதே தூரம் 17. மேட்டூர் காவிரியில் பரிசல் விட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மத்தியானம் கிளம்பினால் அன்றைக்கே சாயங்காலம் போய்ச் சேரலாம் என்கிறார்களே?

கடிகாரப்படி உண்மை. கோடையில் கலிபோர்னியா நம்மைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பதின்மூன்றரை. பெங்களூரில் மத்தியானம் 2 மணிக்கு இடைநில்லா விமானத்தில் ஏறி 16 மணி நேரம் பறந்தால் நமக்கு மறுநாள் காலை 6. அங்கே கோடையில் அதே நாள் சாயங்காலம் ஐந்தரை. டிக்கெட்டைப் பார்த்தால் மூன்றரை மணி நேரப் பயணம் மாதிரி இருக்கும்.

வரும்போது வட்டியும் முதலுமாகப் பிடுங்கிக்கொள்வார்கள். 2021-இல் வந்த அந்த முதல் விமானம் ஜனவரி 9 இரவு கிளம்பி 11 விடியற்காலை பெங்களூரில் இறங்கியது. பறந்தது 17 மணி நேரம்தான், ஆனால் பத்தாம் தேதியைக் காணோம். இதை மறந்துவிட்டு, திரும்பி வருகிற மறுநாளுக்குக் கல்யாண முகூர்த்தத்துக்கு வருவதாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அழைத்துப்போக வரும் கார்க்காரருக்கும் இறங்கும் தேதியைச் சொல்லுங்கள், கிளம்பும் தேதியை அல்ல.

முதல் தடவை போகிறேன், உயரத்தில் காது வலிக்குமா, மூச்சு முட்டுமா?

ஏற்காடு போயிருக்கிறீர்கள் அல்லவா? இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது காது அடைத்து, எச்சில் விழுங்கியதும் டப்பென்று திறக்குமே, அதேதான். விமானம் 35,000 அடியில் போனாலும் உள்ளே இருக்கும் காற்றை 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல வைத்திருப்பார்கள். புதிய ரக விமானங்களில் 6,000. ஏற்காடு சுமார் 5,000 அடி, ஊட்டி 7,350. ஏற்காட்டுக்கும் ஊட்டிக்கும் நடுவில் பதினாறு மணி நேரம் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். குளிர்ச்சியும் அப்படித்தான், சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

காற்று மட்டும் மிகவும் வறண்டிருக்கும். தொண்டை காயும், தண்ணீர் கேட்டுக்கொண்டே இருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடக்காவிட்டால் கால் வீங்கி, இறங்கும்போது செருப்பு ஏறாது. இதயம், நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள். சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்களும் எந்த நேரத்துக்கு எவ்வளவு என்று எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நடுவில் எது காலை எது ராத்திரி என்றே தெரியாது. மாத்திரைகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

அங்கே போய் எத்தனை நாளில் தூக்கம் சரியாகும்?

ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்பார்கள். அதன்படி பன்னிரண்டு நாள். எனக்கு எட்டு நாளில் சரியாயிற்று, என் மனைவிக்குப் பதினைந்து ஆனது. ராத்திரி இரண்டு மணிக்குச் சமையல்கட்டில் உட்கார்ந்து இருவரும் பொரி சாப்பிட்டுக்கொண்டிருப்போம். பகல் வெளிச்சத்தில் நடங்கள், மத்தியானம் படுக்காதீர்கள்.

மாம்பழம் கொண்டு போகலாமா? ஏற்காடு காபித்தூள்?

மாம்பழம் கூடாது. மல்கோவா மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும் கூடாது. கறிவேப்பிலையும் கூடாது. வறுத்து அரைத்த காபித்தூள், ஜவ்வரிசி வடகம், ஊறுகாய் எல்லாம் போகும். உணவுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று உண்மையைச் சொல்லுங்கள். சொன்னால் ஐந்து நிமிஷம் திறந்து பார்ப்பார்கள். மறைத்து மாட்டினால் அபராதம், வாசலுக்கு வாசல் கணக்கில் ஒரு மணி நேரமும் கூடும்.

இங்கிருந்து பிள்ளைகளுக்கு எத்தனை மணிக்குப் போன் செய்யலாம்?

நம் வீட்டுக் கடிகாரத்தில் அரை மணி குறைத்து, காலையை ராத்திரியாக்குங்கள். இங்கே காலை 8 என்றால் அங்கே முந்தின நாள் இரவு ஏழரை, சாப்பிடுகிற நேரம், தாராளமாகப் பேசலாம். இது மார்ச் இரண்டாம் ஞாயிற்றிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை. மற்ற மாதங்களில் ஒன்றரை மணி குறைக்க வேண்டும், அப்போது அங்கே ஆறரை. நம் சாயங்காலம் நாலு மணிக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். அங்கே விடியற்காலை மூன்றரை, யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று அலறிக்கொண்டு எழுந்திருப்பார்கள்.